ஒரு கால் மட்டும் புலி

“அணைமேட்டூர் திரு. மு. சேக் தாவூது அவர்கள், மூன்று தலைமுறைகளாகப் புலியாட்டம் ஆடிவரும் கலைக்குடும்பத்தில் தோன்றியவர். ஐந்து வயதிலேயே சலங்கை கட்டியவர். வேங்கையின் பாய்ச்சலையும் பதுங்கலையும் தம் மேனியில் வாழவைத்து, அவ்வருங்கலையை இளைய தலைமுறைக்கு அயராது பயிற்றுவித்து வருபவர்.”

நாட்டுப்புறக் கலைகளைப் பாதுகாக்க அமைக்கப்பட்ட ஒரு குழு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த சான்றிதழில் இப்படி இருக்கிறது. இதில் ஊர்ப்பெயர் சரி. மற்றபடி, தாவூதின் அப்பா கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் எடைபோட்டவர். தாத்தா வெற்றிலைத் தரகர். இருவரும் சலங்கையை மாட்டின் கழுத்தில்தான் பார்த்திருப்பார்கள். தாவூது லாரிக்கும் டிராக்டருக்கும் நம்பர் எழுதுகிறவர். கடைகளுக்குப் போர்டு எழுதுவார். ஆண்டுக்கு ஒரு நாள், மொஹரத்தன்று, புலி வேஷம் போடுகிறவர்களுக்கு மேலெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்துக் கறுப்புக் கோடு இழுத்துக் கொடுப்பார். ஆடியது கிடையாது. பதினைந்து வயதில் ஆசைப்பட்டு ஒரு தடவை தன் மேலேயே பூசிப் பார்த்தார். தோல் தடித்து, கண் மூடிக்கொண்டு, ஒரு வாரம் வாழையிலையில் கிடந்தார். அத்தோடு சரி. “அயராது” என்ற சொல்லும் பொருந்தாது. நான் பார்த்த நாளெல்லாம் மனிதர் அயர்ந்துபோய், சலித்துக்கொண்டுதான் இருந்தார்.

சான்றிதழ் வந்த கதை சுருக்கமானது. கலைஞர்களைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தபோது, ஊரில் புலி ஆடத் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. ஒருவர் குவைத்தில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தாவூது மட்டும் டிராக்டர் ஒன்றின் பின்னால் குந்தி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். தனக்கு ஆட்டம் தெரியாது, பெயின்ட் அடிக்கத்தான் தெரியும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்றும் தெரியாது என்று சொல்வதுதான் பெரிய கலைஞர்களின் அடக்கம் என்று அதிகாரி நெகிழ்ந்து எழுதிக்கொண்டு போய்விட்டார். உண்மையைச் சொல்லி இவ்வளவு பெரிய பட்டம் வாங்கியவர் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

அணைமேட்டூர், திருவிடைமருதூருக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் இருக்கிறது. முஸ்லிம் வீடுகள் ஏழெட்டுத்தான். ஆனாலும் ஊருக்கே பெரிய திருவிழா மொஹரம்தான். ஐந்து விரலும் விரிந்த பித்தளைக் கை ஒன்று, பஞ்சா என்பார்கள், ஊர்ப் பொதுவில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைத்து, அல்லாசாமி என்று ஊரே விழுந்து கும்பிட்டு, பத்தாம் நாள் ஆற்றில் இறக்கிக் கழுவி மறுபடி பெட்டியில் வைப்பார்கள். பிள்ளைக்கு நோய் கண்டால், பிழைத்து எழுந்ததும் புலி போட்டு ஆடவைப்பதாகத் தாய்மார் இந்தப் பஞ்சாவிடம்தான் நேர்ந்துகொள்வார்கள். அல்லாசாமி என்ற பெயரைக் கேட்டாலே தாவூதின் மைத்துனர் காதர் மைதீனுக்கு ரத்தம் கொதிக்கும். சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து பெயின்ட் கடை வைத்திருப்பவர். இது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஆண்டுதோறும் மச்சானைத் திட்டுவார். திட்டி முடித்ததும், இந்தத் தடவை மஞ்சள் எத்தனை டப்பா என்று கேட்பார்.

இனி அம்சத்தின் வழக்குக்கு வருவோம். அம்சம் எதிர்த் தெருக்காரி. அவளுடைய ஒரே மகன் இளையபெருமாளுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை கண்டு, ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தடவை புலி போடுவதாக அவள் நேர்ந்துகொண்டாள். பையன் தேறினான். வேண்டுதல் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவனுக்குப் பாஸ்போர்ட் வந்த வருஷம்தான் அவளுக்குப் பதறிக்கொண்டு ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஒரு புலி, அடுத்த வருஷம் ஒரு புலி. பிறகு அவன் ஷார்ஜாவுக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போனான். பாக்கி ஒரு புலி.

தொண்ணூற்றொன்பதில் அவனுக்கு லீவு கிடைத்தது. லீவை எந்த மாதத்தில் போடுவது என்று தாயும் மகனும் போனில் கலந்து பேசி வைகாசி என்று முடிவு செய்தார்கள். அவன் புலி போட்ட இரண்டு வருஷமும் பண்டிகை வைகாசியில் வந்திருந்தது. ஆகவே அது வைகாசித் திருவிழா. வைகாசியில் புலி, ஆனியில் கல்யாணம், ஆடியில் திரும்பப் பயணம். பெண் கும்பகோணத்தில் வெற்றிலை மண்டி வைத்திருக்கும் வைரக்கண்ணுவின் மகள். மண்டபமும் பிடித்தாயிற்று. இளையபெருமாள் ஊரில் வந்து இறங்கியபோது, பஞ்சா ஆற்றில் இறங்கி, கழுவி, பெட்டிக்குள் போய் மூன்று வாரம் ஆகப் போகிறது.

ஷார்ஜாவில் இருந்தவனுக்கு இது தெரியாமல் போனதுதான் விசேஷம். மொஹரம் முதல் தேதிக்கு, அரபு வருஷப் பிறப்பு என்று அவனுடைய கம்பெனியே லீவு விட்டது. அவன் துணி துவைத்துக் காயப்போட்டுத் தூங்கினான். பஞ்சா வெளியே இருந்த நாளெல்லாம் அம்சமும் ஊரில் இல்லை, கல்யாண வேலையாகக் கும்பகோணத்தில் இருந்துவிட்டாள்.

அம்சம் நேரே தாவூதின் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“வைகாசியிலதானே பாய் வரும்?”

“அது என்ன மாரியம்மன் திருவிழாவா, வைகாசியிலயே ஒக்காந்திருக்க? பொறை பாத்து வர்றது. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால நகந்துக்கிட்டே போவும்.”

“அத முன்னாலயே சொல்றதுக்கு என்ன?”

“நீ கேட்டியா?”

“கேட்டாத்தான் சொல்லுவீங்களா? இத்தன வருஷமா புலி போடுறீங்க.”

புலி பாக்கி இருக்கும்போது தாலி கட்ட விடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பஞ்சாவைப் பெட்டியிலிருந்து இப்போதே எடுக்க முடியுமா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாள். நாள் இல்லாத நாளில் பெட்டியைத் திறக்க முடியாது என்றார்கள். காதர் மைதீனைக் கேட்டாள். இப்படி ஒரு வேண்டுதலே மார்க்கத்தில் கிடையாது, போய்க் கல்யாணத்தை நடத்து என்றார் அவர். என் பிள்ளை உயிர் பிழைத்தது பொய்யா என்று அவரோடு ஒரு சண்டை. வைரக்கண்ணு தன் பங்குக்கு மண்டியிலிருந்தே கிளம்பி வந்தார். புலி போடாமல் தாலி கட்டினால் மாப்பிள்ளையை ஏதாவது கடித்துவிடுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவன் ஜாதகத்தோடு காத்திருக்கிறான் என்றும், ஆனி தாண்டினால் தன் பெண் அந்தப் பக்கம் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் தங்களுக்குள் பேசி முடித்த பிறகு, இதற்கு வழி சொல்ல வேண்டியவர் தாவூதுதான் என்பதில் மட்டும் ஒற்றுமை ஏற்பட்டது. பெயின்ட் அடித்தவர் அவர்தானே.

இந்த நேரத்தில்தான் குழுவிடமிருந்து உத்தரவு வந்தது. தஞ்சாவூரில், கோடை விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், கல்லூரி மாணவர்களுக்குப் புலியாட்டப் பயிற்சி முகாம். பயிற்றுநர், கலைஞர் சேக் தாவூது. அவர் மறுபடியும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி மறுபடியும் நெகிழ்ந்தார். வேறு வழி தெரியாமல், ஊரில் மாப்பிள்ளை முறுக்கோடு சும்மா சுற்றிக்கொண்டிருந்த இளையபெருமாளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

முகாமில் நடந்தது இதுதான். ஷார்ஜாவில் வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு இளையபெருமாள் ஆடிக் காட்டினான். அங்கே அவனுடைய போர்மேன் எண்ணும் பழக்கத்தில் “ஏக், தோ, தீன்” என்று அடி எண்ணினான். மரபான புலியாட்டத்தை மாணவர்கள் இந்தி எண்ணிக்கையில் கற்றார்கள். தப்படிக்க ஆள் கிடைக்காமல், தப்புச் சத்தம் கேசட்டிலிருந்து வந்தது. தாவூது ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சலித்துக்கொண்டார். கற்றுக்கொடுக்க அவரிடம் ஒன்றுதான் இருந்தது. ஆடி முடித்த உடம்பில் பெயின்ட் எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்தால், எவன் முழங்காலை மடக்கினான், எவன் சும்மா நின்று கையை ஆட்டினான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெயின்ட் இல்லாத உடம்பில் அதுவும் தெரியாது என்று அவரே சொன்னார். மாணவர்கள் சிரித்து, அவரை நிரம்பப் பிடித்துப்போய்விட்டது என்றார்கள்.

நிறைவு நாளுக்கு, தோலுக்குப் பெயின்ட் ஆகாது என்று குழுவே திருப்பூரிலிருந்து மஞ்சள் பனியன் துணியில் கழுத்து முதல் கால் வரை உடை வரவழைத்தது. துணி முழுக்க வட்ட வட்டப் புள்ளி.

“இது சிறுத்தைங்க,” என்றார் தாவூது.

யாருக்குத் தெரியப்போகிறது என்றார் அதிகாரி. மூன்று தலைமுறைக் கலைக்குடும்பத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பகல் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு உடையிலும் புள்ளியையெல்லாம் இழுத்து இழுத்துக் கோடாக்கினார். துணியில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கிறது, சுருங்காது, அரிக்காது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இத்தனை வருஷம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பையன்களைத் தேய்த்தோமே என்று அதற்கும் எரிச்சல்பட்டார்.

நிகழ்ச்சியைப் பார்க்க அம்சமும் வந்திருந்தாள். மகன் இங்கே புலி போடுவதால் கணக்கு தீர்ந்துவிடும் என்று தாவூது உள்ளுக்குள் ஒரு நப்பாசை வைத்திருந்தார். அவள் மேடைக்குப் பின்னால் வந்து ஒரு பார்வை பார்த்தாள். பெயின்ட் போட்ட புலி, பஞ்சாவைச் சுற்றி வரும்வரை உட்காரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. இங்கே புலிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தன. ஒரு புலி ஊறுகாய் கேட்டது.

“இது கணக்குல சேராது பாய்,” என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். ஆனி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது.

ஊறுகாய் கேட்ட புலிதான் எழுந்து வந்து என்ன என்று விசாரித்தது. அது ஃபிளோரா, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண், பி.காம். படிப்பவள். அம்சம் மூக்கைச் சிந்திக்கொண்டே கதையைச் சொன்னாள்.

“இதுக்கா அழுவுறீங்க? எங்கண்ணன் குவைத்துல இருக்கான். அவனுக்கு நேந்துக்கிட்டது எங்கம்மா. வேளாங்கண்ணிக்கு நடந்தது நான்.”

“மாதா ஒண்ணும் சொல்லலியா?”

“அவங்க என்ன சொல்றது? கொப்புளம் எங்கால்லதானே வந்துச்சு.”

அம்சம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அதுக்காவ? பொம்பளப் புலியா?”

“காட்டுல பொம்பளப் புலி இல்லாமத்தான் குட்டி வருதாக்கும்.”

அம்சத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பிறகு தாவூதிடம் திரும்பி, அடுத்த பண்டிகைக்கு இந்தப் பெண் தன் மகன் பேரில் புலி போடட்டும், கல்யாணத்தை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்றாள். தாவூது மூச்சு விட்டார். அவள் முடிக்கவில்லை.

“ஆனா ஜாமீன் நீங்க. இது வரலைன்னா நீங்க போட்டுக்கணும். கவர்மெண்ட் காகிதத்துல நீங்கதானே புலி.”

வாழையிலையில் கிடந்த வாரம் தாவூதுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனாலும் பக்கத்தில் இளையபெருமாள், வரிவரியாகப் பெயின்ட் போட்ட முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். சரி என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி கமருன்னிஸா, ஊரில் இருக்கிற பைத்தியமெல்லாம் உங்கள் சட்டையைப் பிடித்து ஏன் தொங்குகிறது என்று கேட்டார்.

கல்யாணம் ஆனியில் நடந்தது. ஆடியில் மாப்பிள்ளை விமானம் ஏறினான். விஷயம் வெளியே தெரிந்ததும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வேண்டுதலை வீட்டில் வைத்திருந்த தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்சம் பிள்ளைக்கு மட்டும் ஆள் போடுவீங்களா பாய்? குவைத்துக்கு ஒரு புலி, மஸ்கட்டுக்கு ஒரு புலி. ஏதோ ஏஜென்சி நடத்துகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் கத்திப் பார்த்தார். அவர்கள் கத்தலைப் பெருநாள் வட்டிலாப்பம் மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

முகாமில் படித்த பிள்ளைகள் சான்றிதழ் கைக்கு வந்ததும் மறைந்துவிட்டிருந்தார்கள். தாவூது தன் டி.வி.எஸ். ஐம்பதில் மாயவரம் வரை, தஞ்சாவூர் வரை வீடு வீடாகப் போய்க் கேட்டார். பலர் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கப் போயிருந்தார்கள். நான்கு பையன்கள் வருவதாகச் சொன்னார்கள். ஃபிளோராவும் வருவதாகச் சொன்னாள். ஆனால் பிறை தெரிந்து நாள் கணக்குப் போட்டபோது, பத்தாம் நாள், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறில் வந்து விழுந்தது. திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. தவக்காலத்தில் ஆட்டமா என்று அவள் அம்மா கதவடைத்தார். இது ஆட்டம் இல்லை, நேர்ச்சை என்று ஃபிளோரா சொல்லிக்கொண்டிருப்பதாக மட்டும் சேதி வந்தது.

அந்தச் சித்திரை ஞாயிறன்று நண்பகலுக்குள் நான்கு பையன்களும் புலியாகிவிட்டார்கள். நால்வரும் உட்காராமல், வாயில் எலுமிச்சம்பழத்தோடு, தாவூதின் கொல்லையில் மரத்தில் சாய்ந்து நின்றார்கள். வேண்டுதல் எட்டு, புலி நான்கு. எந்தப் புலி யாருடையது என்று தாய்மாருக்குள் தகராறு வந்ததும், தாவூது நம்பர் எழுதும் தூரிகையை எடுத்து, லாரிக்குப் பின்னால் எழுதுவதுபோல ஒவ்வொரு முதுகிலும் இரண்டு பிள்ளைகளின் பேரையும் அவர்கள் இருந்த ஊரையும் எழுதிவிட்டார். தகராறு அடங்கியது. முதுகைத் தொட்டுத் தாய்மார் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஒன்பதாவது வேண்டுதல் இளையபெருமாளுடையது. இரண்டு மணி பஸ்ஸிலும் ஃபிளோரா வரவில்லை. அம்சம் மஞ்சள் டப்பாவைத் தானே திறந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“சட்டையக் கழட்டுங்க பாய்.”

“அடுத்த பஸ் இருக்குல்ல?”

“பஞ்சா இருக்காது. கழட்டுங்க.”

தாவூது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை நீட்டி நின்றார். புலி போடுவது பாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முதுகில் இரண்டு பேரைச் சுமந்த ஒரு புலி, தானே தூரிகையை வாங்கி அவருடைய வலது காலுக்குப் பூசத் தொடங்கியது. கமருன்னிஸா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வாழையிலை நறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

மஞ்சள் முழங்காலுக்கு ஏறியபோது, வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. கையில் குருத்தோலைச் சிலுவையோடு ஃபிளோரா இறங்கினாள். பின்னால், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவள் அம்மா மரியபுஷ்பம், கக்கத்தில் மகளின் பரீட்சைப் புத்தகத்தோடு. பவனி முடியத் தாமதமாகிவிட்டது என்றாள் பெண். தாவூது அவளை வா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு கால் மஞ்சளோடு நொண்டிக்கொண்டே போய், போன வருஷம் கோடு இழுத்து வைத்திருந்த பனியன் உடையை எடுத்துக் கொடுத்தார். முகத்துக்கு மட்டும் அவரே வரைந்தார். முதுகில் “இளையபெருமாள், ஷார்ஜா” என்று எழுதினார். அந்த முதுகில் இன்னொரு பேருக்கு இடம் இருந்தது. என் புலிமேல் வேறு பேர் வரக்கூடாது என்று அம்சம் குறுக்கே நின்றுவிட்டாள்.

பஞ்சாவின் முன்னால் பெண்பிள்ளை புலி போட்டு நிற்பதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பொம்பளப் புலியா என்று தஞ்சாவூரில் கேட்ட அதே அம்சம், அவருக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இது எம்புள்ளையோட புலி. நிறுத்தறவுக எம்புள்ளைக்கு வந்த காமாலைய வாங்கிக்கிட்டு நிறுத்தட்டும்.”

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்து புலிகளும் பஞ்சாவைச் சுற்றி, ஆற்றங்கரை வரை ஆடிப் போயின. சித்திரையில் ஆற்றில் தண்ணீர் ஏது? மணலில் தோண்டிய ஊற்றில் பஞ்சாவை இறக்கினார்கள். புலிகளின் வாய்க்குள் எலுமிச்சம்பழம் இருந்தும், “ஏக், தோ, தீன்” என்ற முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை இளையபெருமாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டான். தாயிடம் அவன் முதலில் கேட்டது, “நான் எப்புடிம்மா ஆடுனேன்?” என்பதுதான்.

“போன தடவைக்கு இந்தத் தடவ தேவல,” என்றாள் அம்சம்.

தாவூதின் வலது கால் வீங்கி, நான்கு நாள் வாழையிலையில் இருந்தது. காதர் மைதீன் பார்க்க வந்து, மார்க்கத்துக்கு விரோதமாக நடந்தால் இப்படித்தான் என்றார். போகும்போது, மேலுக்குத் தடவ ஒரு களிம்பும் வைத்துவிட்டுப் போனார். சான்றிதழ் இன்னும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கழற்றினால் சுவரில் ஓட்டை தெரியும் என்கிறார் கமருன்னிஸா.

சேக் தாவூது ஒருநாளும் புலியாட்டம் ஆடியதில்லை. அந்தச் சித்திரையில் அவர் ஐந்து புலிகளை வரைந்தார். அவற்றின் முதுகில், ஊரில் இல்லாத ஒன்பது பேரின் பெயரை எழுதினார்.